மூக்கில் தோல் புற்றுநோய் அறுவை: ரத்தக் கசிவு நின்ற விதம்

என் மூக்கோரத்தில் இருந்த பேசல் செல் புற்றை (ஒருவகைத் தோல் புற்றுநோய்) மோஸ் என்ற அறுவை முறையில் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டபோது மட்டும் சுரீரென்றது. பிறகு இழுபடும் உணர்வுதான். இந்த முறையில் ஓர் அடுக்கை வெட்டி, அதன் ஓரங்களை நுண்ணோக்கியில் பார்த்து, புற்று மிச்சமிருந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி வெட்டுவார்கள். வெட்டுவதைவிடக் காத்திருப்புதான் நீளம். புத்தகம் கொண்டுபோனது நல்லதாயிற்று.

தையலோடு வீடு திரும்பிய இரவு கட்டு நனைந்து சிவந்தது. சுத்தமான துணியை மடித்து வைத்து 20 நிமிடம் விடாமல் அழுத்தினேன். நடுவில் எடுத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. பார்த்தால் உறையத் தொடங்கிய ரத்தம் பிய்ந்துவிடும். நின்றது. நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் கண்ணைச் சுற்றி வீக்கம். மூக்கில் அறுத்தால் சகஜமாம். புண்ணைக் காயவிடாமல் வாசலின் தடவி மூடியே வைத்தேன். பொருக்குத் தட்டவில்லை.