விபத்துல அடிபட்டு நஷ்டஈடு கிளைம் போட்டா வண்டி இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுமோன்னு பயப்படுதியளா? இத செய்ங்க

அண்ணாச்சி, மொதல்ல அந்த பயத்த விடுங்க. பைக்கோட தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான இன்சூரன்ஸ்) ரேட்ட அரசாங்கம்தான் போடுது, 2022 ஜூன்ல 75க்கு மேல 150 சிசி வரைக்கும் வருசத்துக்கு 714 ரூபான்னு வச்சாங்க, கிளைம் போட்டா போற நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாத வருசத்துக்கு கெடைக்கிற தள்ளுபடி) நம்ம வண்டி டேமேஜ் பாலிசிக்கு மட்டுந்தான்.

அடிபட்டு நம்ம திருநெல்வேலி ஹைகிரவுண்டு கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு போனா ஏ.ஆர். காப்பில (விபத்து பதிவேடு) என்ன எழுதுதாங்கன்னு கூட நின்னு பாருங்க. எங்க மாமாவ வண்ணாரப்பேட்டை பக்கம் கார் இடிச்சுது, கூட வந்த பய பதட்டத்துல "வண்டி சறுக்கிட்டு"ன்னு சொல்லிட்டான், அந்த ஒத்த வரிய பிடிச்சுக்கிட்டே எதிர்தரப்பு வக்கீல் கேஸ இழுத்தடிச்சாரு, இன்னைக்கும் மனசு ஆறல.

எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்லு எல்லாத்தையும் ஒரே மஞ்சப்பையில போட்டு வைங்க. மோட்டார் வாகன சட்டத்தோட 2019 திருத்தத்துல விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள ட்ரிப்யூனல்ல (விபத்து நஷ்டஈடு கோர்ட்டு) மனு போடணும்னு வந்துட்டு, 2022 ஏப்ரல் 1ல இருந்து அமல், அதனால கட்டு பிரிச்ச பொறவு பாப்போம்னு இருந்துராதிய. யார் தப்புன்னு நிரூபிக்காமலே கேக்க அதே சட்டத்துல 164வது பிரிவு இருக்கு, உயிர் போனா 5 லட்சம், பலத்த காயம்னா 2.5 லட்சம். இடிச்சவன் யாருன்னு தெரியாம நிக்காம ஓடிட்டாலும் உயிர் போனா 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50 ஆயிரமும் உண்டு.

இடிச்சவங்க ஆஸ்பத்திரி வாசல்லயே பத்தாயிரத்த நீட்டி, கேஸ் வேண்டாம்னு கையெழுத்து கேட்டா மட்டும் போட்டுராதிய.