நாய் என்றால் விசுவாசமா? ஓவியங்களில் அர்த்தம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலைக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களோடு நடக்கும்போது அதே தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. சட்டகத்தைத் தொடுவது, அவசர அவசரமாக நடப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுவோம்.

அகராதியோடு வருவது

நாய் விசுவாசம், மண்டை ஓடு மரணம், மெழுகுவர்த்தி கடவுள் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் இதில் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

யான் வான் ஐக் 1434-ல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஒரு குழுவில் பேச்சு இதைப் பற்றி வந்ததுமே, "அந்தப் பெண் கர்ப்பிணி, நாய் விசுவாசம், சரி, அடுத்தது" என்றார் ஒருவர். அதன்பின் அந்தக் குழுவில் யாரும் ஓவியத்தைப் பார்க்கவே இல்லை. பின்சுவரின் குவிகண்ணாடியில் வாசல் பக்கம் இன்னும் இருவர் தெரிவதை அவர்கள் தவறவிட்டார்கள். என்னால் தாங்கவே முடியாத இழப்பு அது.

அந்தப் பெண் கர்ப்பிணி என்பதற்கு ஆதாரம் இல்லை. கனமான உடையை முன்பக்கம் அள்ளிப் பிடித்திருக்கிறார், அது அந்தக் கால உடைப் பாணி. இதே ஓவியர் 1437-ல் வரைந்த டிரெஸ்டன் முப்பலகை ஓவியத்தைப் பாருங்கள். கன்னியாகவே உயிர்நீத்த புனித கத்தரீனாளுக்கும் வயிறு அப்படித்தான் புடைத்துத் தெரிகிறது.

நாயின் கதை இன்னும் சுவாரசியம். 1934-ல் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி இந்த ஓவியமே ஒரு திருமணச் சாட்சியம் என்றும், நாய் அதில் விசுவாசத்தின் சின்னம் என்றும் வாதிட்டார். பின்னாளில் அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்தபோது, வண்ணத்துக்கு அடியில் ஓவியர் முதலில் போட்ட கோட்டு வரைவில் நாயே இல்லை. வண்ணம் தீட்டும் கட்டத்தில்தான் அது வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் நாய்க்கு அர்த்தமே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் மொத்த ஓவியத்தையும் அதன் முதுகில் ஏற்ற முடியாது.

ஒரு பொருளைச் சின்னம் என்று சொல்வதற்கு முன், அதே ஓவியரும் அதே காலத்தவரும் அதை வேறு எங்கே எப்படி வரைந்தார்கள் என்று தேடுங்கள்.

நின்ற இடத்திலேயே நிற்பது

ஹான்ஸ் ஹோல்பைனின் "தூதர்கள்" (1533) ஓவியத்தில் தரையருகே ஒரு நீண்ட கறை தெரியும். வலப்பக்கம் ஒதுங்கி, பக்கவாட்டில் பார்த்தால் அது மண்டை ஓடு. அங்கிருந்து பார்க்கும்போது இரு தூதர்களின் பட்டும் உரோம அங்கியும் குலைந்துபோகும். மரணம் என்ற ஒற்றைச் சொல்லில் அந்த அனுபவம் எங்கே இருக்கிறது? அப்புறம், இடது மேல் மூலையில் திரைக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும் சிலுவையையும் தேடிப் பாருங்கள்.

இருட்டை நம்புவது

ரெம்பிராண்டின் "இரவுக் காவல்" (1642) இரவுக் காட்சி அல்ல. மேலே பூசிய வார்னிஷ் கறுத்துப்போனது, பெயரும் பிறகு வந்தது.

பெயர்ப்பலகையை முதலில் படிப்பது

வேண்டாம். பார்த்த பிறகு படியுங்கள்.