கோடையில் அரபு படிக்கப் பணம் திரட்டுவது எப்படி? அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் படிக்கும் ஒருவர் கோடை விடுமுறையில் ஜோர்டானின் அம்மானிலோ மொராக்கோவின் ரபாத்திலோ தங்கி அரபு கற்க விரும்பினால், அதற்கான பணம் கிடைக்குமா என்பது பெரும்பாலும் முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. ஏப்ரலில் தேடத் தொடங்குகிறவருக்கு மிஞ்சுவது அநேகமாகக் கல்விக்கடன்தான்.

படி 1: தகுதியைப் பாருங்கள்

கூட்டாட்சி அரசின் உதவித்தொகைகள் முதலில் கேட்பது குடியுரிமையை. வெளிநாட்டில் படிப்பதற்கான கில்மன் உதவித்தொகை, முக்கிய மொழிகளைக் கற்பதற்கான கிரிட்டிகல் லாங்வேஜ் ஸ்காலர்ஷிப் (சுருக்கமாக சி.எல்.எஸ்.) ஆகிய இரண்டும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை. பல்கலைக்கழகங்கள் வழியே வழங்கப்படும் ஃபிளாஸ் (FLAS) என்ற அயல்மொழிக் கல்வி நல்கைக்கு நிரந்தரவாசிகளும் விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் இவற்றில் நேரத்தைச் செலவிடாமல், தங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கோடைகால மானியங்களை விசாரிப்பது நல்லது.

அடுத்தது மொழிநிலை. ஃபிளாஸ் பெற விரும்பும் இளநிலை மாணவர் இடைநிலை அரபு வகுப்பிலாவது சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், எழுத்துகளை இப்போதுதான் கற்பவருக்கு அது கிடைக்காது. சி.எல்.எஸ். அரபுக்கு, பயிற்சி தொடங்குமுன் ஓராண்டு வகுப்பை முடித்திருக்க வேண்டும். ஆகவே வருகிற கோடையை மனத்தில் வைத்திருப்பவர் ஆகஸ்டிலேயே முதலாண்டு அரபு வகுப்பில் பெயர் கொடுத்துவிட வேண்டும்.

படி 2: எங்கே கேட்பது என்று தீர்மானியுங்கள்

சி.எல்.எஸ். வெளியுறவுத் துறையின் திட்டம். 8 முதல் 10 வாரப் பயிற்சி, விமானப் பயணம், தங்குமிடம் என எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதால் போட்டி கடுமை; விண்ணப்பம் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும்.

பெல் கிராண்ட் (வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்கான கூட்டாட்சி அரசின் உதவி) பெறும் மாணவருக்கு என் முதல் பரிந்துரை கில்மன்தான். அதில் 5,000 டாலர் வரை கிடைக்கும். அரபு போன்ற முக்கிய மொழியைப் படிக்கச் செல்பவர் கூடுதலாக 3,000 டாலர் வரை கோரலாம். அக்டோபர், மார்ச் என்று இரண்டு சுற்றுகள் உண்டு. மார்ச் வரை காத்திருந்தால் விமானச் சீட்டு விலையேறிவிடும் என்பதால், முடிந்தவர்கள் அக்டோபரிலேயே அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்தபின் பிற மாணவர்களுக்காக என்ன செய்வீர்கள் என்ற திட்டத்தையும் இதில் எழுத வேண்டும். பலர் கடைசி இரவில் அவசரமாக நிரப்பும் பகுதி அதுதான்.

ஃபிளாஸைப் பொறுத்தவரை, 2025-இல் அதற்கான கூட்டாட்சி நிதி தடைபட்டதால், உங்கள் பல்கலைக்கழகத்தில் அது நடப்பில் உள்ளதா என்று கேட்டுவிட்டே தொடங்குங்கள். வெளிநாடு போக இயலாதவர்களுக்கு மிடில்பரி கல்லூரியின் எட்டு வார அரபுப் பள்ளி உண்டு. அங்கே சேருபவர் அரபிலேயே பேசுவதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அதன் நிதியுதவிக்கும் தனியே விண்ணப்பிக்கலாம்.

படி 3: செலவுக் கணக்கு எழுதுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு: வகுப்புக் கட்டணம் 3,200, தங்குமிடம் 1,300, விமானம் 1,500, விசாவும் காப்பீடும் 250, சாப்பாடும் போக்குவரத்தும் 900, ஆக 7,150 டாலர். இதில் எந்தத் தொகையை யாரிடம் கேட்கிறீர்கள் என்று எதிரே குறித்துவையுங்கள். கோடையில் வேலை பார்த்துச் சம்பாதித்திருக்கக்கூடிய சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் வீட்டாரிடம் நேர்மையாகப் பேச முடியும்.

படி 4: கட்டுரை

“மத்தியக் கிழக்குப் பண்பாட்டில் எனக்குச் சிறுவயது முதலே ஆர்வம் உண்டு” என்று தொடங்கும் கட்டுரையைத் தேர்வுக்குழு நூறு முறை படித்திருக்கும். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: “மருத்துவமனையில் தன்னார்வலராக இருந்தபோது, ஒரு சிரியப் பாட்டியிடம் மாத்திரை வேளையைச் சொல்ல முயன்றேன், நான் கற்ற ஃபுஸ்ஹா என்ற எழுத்து வழக்கு அரபு அவருக்குச் செய்தி வாசிப்பதுபோல் ஒலித்தது. அதனால்தான் சிரியாவிலும் ஜோர்டானிலும் பேசப்படும் ஷாமி வழக்கு புழங்கும் அம்மானைத் தேர்ந்தெடுத்தேன்.” எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தொலைவைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை, அதைக் கட்டுரையில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால், நடக்காத ஒன்றை நடந்ததாக எழுத வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்துக்கு அரபு ஆசிரியரிடம் குறைந்தது நான்கு வாரம் முன்பே கேளுங்கள்.

படி 5: பணம் வந்தபின்

ஒரே செலவுக்கு இரண்டு இடங்களில் தொகை பெறுவதற்குப் பல திட்டங்கள் இடம் தருவதில்லை என்பதால், புதிதாக ஏதேனும் கிடைத்தால் இரு அலுவலகங்களுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்விக்கட்டணத்துக்கும் பாடநூலுக்கும் செலவாகும் உதவித்தொகைக்கு வரி இல்லை. விமானத்துக்கும் வாடகைக்கும் செலவாகும் பகுதி வருமானமாகக் கருதப்படும். எனவே ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வரிக்கணக்கு தாக்கல் செய்யும் அடுத்த ஏப்ரல் வரை வைத்திருங்கள்.