டிஸ்க் பிதுக்கம்: சிறுதுளை அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன்னும் பின்னும்

முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு (டிஸ்க்) விலகிவிட்டது என்று சொல்லப்பட்டதும், ஸ்கேன் படத்தைவிட உங்கள் கால்களையே முதலில் கவனியுங்கள். வலி எந்தக் காலில் இறங்குகிறது, மரத்துப்போவது பெருவிரல் பக்கமா சுண்டுவிரல் பக்கமா என்று குறித்து வைத்துக்கொண்டு, எம்.ஆர்.ஐ. காட்டும் பிதுக்கம் அதே பக்கத்தில் அதே நரம்பைத்தான் அழுத்துகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலியே இல்லாத பலருடைய ஸ்கேனிலும் பிதுக்கம் தெரியும் என்பதால், இந்தப் பொருத்தம் இல்லாத இடத்தில் எவ்வளவு சிறிய துளையிட்டுச் செய்தாலும் அறுவை சிகிச்சை பலன் தராது.

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் மருந்து, நடை, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றோடு கால்வலி தணிந்துவிடுகிறது. நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், விரைவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் நீங்கியது. ஓராண்டு முடிவில், காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருந்தார்கள். ஆகவே வலி பொறுக்கக்கூடியதாக இருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் சிறுநீர் அடைபட்டாலோ, மலம், சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாத பலவீனம் கூடிக்கொண்டே போனாலும் தாமதிக்கக் கூடாது.

சிறுதுளை அறுவையின் ஒரு வகையான மைக்ரோடிஸ்கெக்டமியில் ஏறத்தாழ 2 முதல் 3 சென்டிமீட்டர் வெட்டின் வழியே நுண்ணோக்கியின் துணையோடும், எண்டோஸ்கோப்பி முறையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளையின் வழியே கேமராவின் துணையோடும், நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். டிஸ்க் முழுவதையும் அகற்றுவதில்லை. தழும்பின் அளவைவிட, அந்த முறையில் அந்த மருத்துவருக்கு உள்ள பழக்கமே முக்கியம் என்பது என் கருத்து. மயக்க மருந்து முழுமையானதா, மீண்டும் பிதுங்கினால் என்ன செய்வார்கள், காப்பீடு எதையெல்லாம் ஏற்கும் என்பவற்றையும் கேட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல், எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவுசெய்யட்டும். புகைபிடிப்பவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

இந்தச் சிகிச்சை குறைப்பது முக்கியமாகக் கால்வலியை. நாள்பட்ட இடுப்புவலி அப்படியே நிற்கலாம், மரத்துப்போன உணர்வு திரும்ப மாதங்கள் ஆகலாம். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள். அதன்பின் சில வாரங்களுக்குக் குனிந்து குடம் தூக்குவது, இடுப்பைத் திருப்புவது, நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பது ஆகியவற்றைத் தவிர்த்து, நடைத்தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, எழுந்து உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி, புதிதாகத் தோன்றும் கால் பலவீனம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அறுவை செய்த மருத்துவரை உடனே தொடர்புகொள்ளுங்கள்.