சென்சாரைக் குறை சொல்லும் முன்

வெளியில் மாட்டிய ஈரப்பத சென்சார் தப்பாகக் காட்டுகிறது என்று தோன்றினால் பலரும் உடனே புதிது வாங்கிவிடுகிறார்கள். சென்னையில் எங்கள் மொட்டை மாடியில் நானும் அப்படித்தான் மாற்றினேன். புதியதும் அதையே காட்டியது. கோளாறு சென்சாரில் இல்லை, கைப்பிடிச் சுவரை ஒட்டி நான் மாட்டியிருந்த இடத்தில்.

பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட், பொழுது சாய்ந்தும் வெகுநேரம் சூடு விடும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். சுவர்ச் சூட்டில் சென்சார் மட்டும் 33 டிகிரிக்கு ஏறினால் ஈரப்பதத்தை ஏறக்குறைய 59 என்று காட்டும். நீராவி துளியும் குறைந்திருக்காது. வெப்பம் கூடினால் அதே நீராவிக்குச் சதவீதம் இறங்கும், அவ்வளவுதான். அதனால் வெப்பநிலைப் பிழையை விட்டுவிட்டு ஈரப்பதக் கணக்கை மட்டும் கூட்டிக் குறைப்பது வீண் வேலை. உலக வானிலை அமைப்பு சொல்லும் உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர். மாடியானாலும் சுவரை விட்டு விலகி, அந்த உயரத்தில் ஒரு கம்பத்தில் நிறுத்துங்கள். ஏசியின் வெளி யூனிட் பக்கம் வேண்டவே வேண்டாம்.

மழைக்குப் பயந்து மூடிய டப்பாவுக்குள் வைப்பதும் தவறு. டப்பாவுக்குள் இருக்கும் காற்றைத்தான் அது அளக்கும். தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைக் கவசம் வெயிலையும் மழையையும் தடுக்கும், காற்றை விடும். அளவை அனுப்பும் வைஃபை போர்டை அதற்குள் திணிக்காதீர்கள், அதன் சூடும் சேர்ந்துகொள்ளும். வெள்ளைத் தட்டில் புழுதி படிந்தால் வெயிலை உறிஞ்ச ஆரம்பிக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு, கவசத்தை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், காற்று வழி அடைபட அது ஒன்றே போதும்.

சென்சாரின் முகத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஈரத்தை உணர்வது மெல்லிய பாலிமர் படலம். ஸ்பிரிட், தின்னர், புதிதாகப் பூசிய சிலிகான் ஆகியவற்றின் ஆவியைக்கூட அது உள்ளிழுத்து அளவு மாறிவிடும். சிலிகான் பூசினால் நன்றாகக் காய்ந்த பிறகே சென்சாரைப் பொருத்துங்கள்.

சரிபார்க்க உப்புச் சோதனை நல்ல வழி. மூடிய டப்பாவில் ஈர உப்பு இருந்தால் உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், சென்சாரும் அதையே காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அது. ஆனால் உப்பைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்துவிடுகிறார்கள். சில துளி மட்டும் விட்டு ஈர மணல் பதத்தில் வைக்க வேண்டும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசிய உப்பு அளவைக் கீழே இழுக்கும், தூள் உப்பே எடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் உப்பையும், அதில் படாமல் சென்சாரையும் வைத்து மூடி, குறைந்தது 12 மணி நேரம் விட்டுப் பாருங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் திறந்து பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

அடைமழை ஓய்ந்த மறுநாள் இந்தச் சோதனை வேண்டாம். எஸ்.எச்.டி.31 போன்ற சென்சார்கள் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதத்தில் 60 மணி நேரம் கிடந்தால் 3 சதவீதம் வரை கூட்டிக் காட்டலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. சில நாள் காய்ந்தால் மெல்லத் தானாகவே பழைய நிலைக்கு வரும்.