முதல் மினி டிராக்டர்: வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷோரூமுக்குள் நுழைந்ததும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை ஹெச்பி?" என்பதுதான். ஐந்து ஏக்கருக்குள் தென்னையோ வாழையோ காய்கறியோ வைத்திருப்பவர் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. எந்த மண்ணில், எந்த இடைவெளிக்குள், எந்தக் கருவியை ஓட்டப் போகிறோம் என்பது தெளிவானால் ஹெச்பி தானாகவே முடிவாகிவிடும். கிராமங்களில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் மினி டிராக்டர்களில் பல, இந்த வரிசையைத் தலைகீழாக்கி வாங்கப்பட்டவை.

மினி டிராக்டர் என்று நாம் சொல்வது ஏறத்தாழ 15 முதல் 30 ஹெச்பி வரையுள்ள வண்டிகளை. மகிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்றவை 15 ஹெச்பி அளவில் ஒற்றை சிலிண்டர் இன்ஜினோடு வருகின்றன. மகிந்திரா ஜீவோ 245 இரண்டு சிலிண்டர், 24 ஹெச்பி. குபோட்டா நியோஸ்டார் பி2741 மூன்று சிலிண்டர், 27 ஹெச்பி. இவற்றில் எது நல்ல வண்டி என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. உங்கள் தோட்டத்துக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி. அதற்குப் பதில் ஷோரூமில் கிடைக்காது, தோட்டத்தில்தான் கிடைக்கும்.

தோட்டத்தை அளக்காமல் புறப்படுவது

டேப்பை எடுத்துக்கொண்டு வரிசைக்கு வரிசை நடந்து பாருங்கள். தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டிருந்தால் எந்த மினி டிராக்டரும் தாராளமாகப் போகும். வாழைக்கு ஆறடி என்றால் நடவின்போது அகலமாகத் தெரிகிற அந்த இடைவெளி, ஐந்தாறு மாதத்தில் இலை விரிந்ததும் பாதியாகிவிடும். வண்டியின் அகலம் மூன்றரை அடி, பின்னால் நான்கடி ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) என்றால் இரு பக்கமும் ஓர் அடிதான் மிச்சம். அந்த ஓர் அடிக்குள் சொட்டுநீர்க் குழாயும் இருக்கிறது, பக்கக் கன்றும் இருக்கிறது, மேல்வேரும் இருக்கிறது. மரவள்ளிக்கு மூன்றடிதான் இடைவெளி என்பதால் பயிர் எழுந்த பிறகு டிராக்டருக்கு அங்கே வேலையே இல்லை. மஞ்சளிலும் அப்படித்தான். உங்கள் செலவில் பெரும்பகுதி இப்படிப்பட்ட குறுகிய வரிசைகளில் களை எடுப்பதற்கே போகிறது என்றால், உங்களுக்குத் தேவை ஒரு பவர் வீடர் (களை எடுக்கும் சிறிய இயந்திரம்) அல்லது பின்னால் நடந்தபடி ஓட்டும் 12, 13 ஹெச்பி பவர் டில்லர். பல லட்சம் ரூபாய் மிச்சமாகும்.

அகலத்தை அளப்பவர்கள்கூட உயரத்தை அளப்பதில்லை. மாந்தோப்பிலும் கொய்யாத்தோப்பிலும் செங்குத்தாக நிற்கும் சைலன்ஸர் கிளையை இடிக்கும். சில மாடல்களில் சைலன்ஸர் கீழ்நோக்கி அமைந்திருக்கிறது. தோப்புக்காரர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஓட்டுநரைக் காக்கும் பின்புற இரும்பு வளைவு இருந்தால், அது கிளைக்குக் கீழே நுழையுமா, தேவைப்பட்டால் மடக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை நிரந்தரமாகக் கழற்றிப் போடுவது உயிரோடு விளையாடுவது.

அடுத்து, திரும்பும் இடம். வரப்போரம், வேலியோரம், வாய்க்கால் மதகு, களத்துக்குப் போகும் தடம் எல்லாவற்றையும் அளவெடுங்கள். நம் ஊர்த் தோட்டங்களில் இன்னொன்றும் உண்டு: கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறு. கடைசிச் சால் ஓட்டிவிட்டு ரிவர்ஸ் எடுக்கும்போது டிராக்டரோடு கிணற்றில் விழுந்து இறந்தவர்களைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. கிணற்றைச் சுற்றிக் குறைந்தது பதினைந்து அடிக்கு உழவே வேண்டாம் என்று முடிவெடுத்து, கல்லோ கம்பியோ நட்டு எல்லை குறித்துவிட்டு, அதன் பிறகு வண்டி வாங்குங்கள்.

வாடகைக் கணக்கைப் போடாமல் கடன் வாங்குவது

ஒரு மீட்டர் அகல ரோட்டவேட்டர் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், திருப்பங்களுக்கு ஆகும் நேரத்தைக் கழித்து, மணிக்கு அரை ஏக்கர் முடியும். ஐந்து ஏக்கரை இரட்டைச் சால் ஓட்ட 20 மணி நேரம். ஆண்டுக்கு நான்கு முறை ஓட்டினால் 80 மணி நேரம். சொந்த நிலத்துக்கு மட்டும் என்றால் பலருடைய தேவை இதைத் தாண்டுவதில்லை.

இப்போது மறுபக்கம். வண்டியும் ரோட்டவேட்டரும் சேர்ந்து ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 50,000, சராசரி வட்டி 30,000, காப்பீடும் பராமரிப்பும் 20,000 என்றால், சாவியைத் தொடாமலே ஆண்டுக்கு ஒரு லட்சம் போகிறது. உங்கள் ஊரில் வாடகை மணிக்கு 1,200 ரூபாய், சொந்த வண்டிக்கு டீசல், ஆயில் செலவு மணிக்கு 300 ரூபாய் என்றால் மணிக்கு 900 ரூபாய் மிச்சம். ஒரு லட்சத்தை ஈடுகட்ட 110 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். உங்கள் ஊர் வாடகை, வட்டி, வண்டி விலையைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாக வாடகைக்கு முன்பதிவு செய்ய முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கணக்கு இதோடு முடிந்துவிடுவதில்லை. ஆடிப்பட்டத்தில் ஒரு மழை பெய்ததும் ஊரில் எல்லோருக்கும் அதே மூன்று நாட்களில்தான் டிராக்டர் வேண்டும். வாடகை வண்டி நம் முறைக்கு வருவதற்குள் ஈரம் போய்விடும். மானாவாரிக்காரருக்கு அந்த ஈரம்தான் விளைச்சல். கணக்கில் கொஞ்சம் நட்டம் தெரிந்தாலும், ஈரம் இருக்கும்போதே உழ முடிகிறது என்பதற்காக வாங்குவது நியாயமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். "பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிவிட்டார்கள்" என்பது நியாயமான காரணம் அல்ல.

கருவிக்குப் பணம் ஒதுக்காதது

டிராக்டர் தனியாக ஒரு வேலையும் செய்யாது. இருக்கிற பணம் முழுவதையும் வண்டியில் போட்டுவிட்டு, கருவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பலர். பெரும்பாலும் அது பொருந்தாது. கருவியை மாட்டுவதற்குச் சிறிய டிராக்டர்களின் பின்னால் உள்ள கீழ் இணைப்புக் கைகளுக்குப் பொருந்துவது 22 மில்லிமீட்டர் பின். பெரிய வண்டிக் கருவிகள் பலவற்றில் இருப்பது 28 மில்லிமீட்டர் பின். அளவு ஒத்துப்போகும் கருவிகளில்கூட, சில மினி டிராக்டர்களில் இரு கைகளுக்கு இடையிலான அகலம் குறைவு என்பதால் சேராது. கருவி வாங்கப் போகும்போது இரண்டு அளவுகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

ரோட்டவேட்டர் விஷயத்தில் ஒன்றை நேரில் பார்த்துவிடுவது நல்லது. ரோட்டவேட்டரை மாட்டியபின் வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து நில்லுங்கள். பின் டயர்களின் வெளி ஓரத்தைவிட ரோட்டவேட்டர் கத்திகளின் வெளி ஓரம் சற்றேனும் வெளியே தெரிய வேண்டும். அல்லது ஒரு பக்கமாவது டயர் தடத்தை மூடும்படி கருவியை நகர்த்தி மாட்ட வழி இருக்க வேண்டும். டயர் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், உழுத மண்ணில் இரு பக்கமும் டயர் அமுக்கிய கோடு அப்படியே நிற்கும். அந்தக் கோட்டில் விதைத்த வெங்காயம் மற்றதைப்போல வராது. அதைச் சரிசெய்ய இன்னொரு சால் ஓட்ட வேண்டியிருக்கும்.

இதற்காக அகலமான ரோட்டவேட்டரைத் தேர்ந்தெடுத்தால் இன்ஜின் திணறும். இன்ஜின் ஹெச்பி வேறு, கருவியை இயக்கப் பின்னால் சுழலும் பிடிஓ தண்டுக்குக் கிடைக்கும் ஹெச்பி வேறு. 24 ஹெச்பி வண்டியில் பிடிஓவுக்கு 22 கிடைத்தால் நல்லது. ரோட்டவேட்டர், மருந்து தெளிப்பான், தென்னை மட்டையைத் தூளாக்கும் இயந்திரம் எல்லாம் இந்த இரண்டாவது எண்ணை நம்பித்தான் ஓடுகின்றன. கருவி விற்பவரிடம் அது எத்தனை பிடிஓ ஹெச்பி கேட்கிறது என்று கேட்டு, உங்கள் வண்டியின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

எல்லா வேலையையும் ஒரே வண்டியிடம் எதிர்பார்ப்பது

மினி டிராக்டரின் எடை குறைவு. மண் அமுங்காது என்பதால் தோட்டத்துக்கு அது வரம். இறுகிய செம்மண்ணில் சட்டிக் கலப்பையை இழுக்கச் சொன்னால் அதே எடைக்குறைவு பலவீனமாகிவிடும். பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், முன் சக்கரம் தூக்கும். ஐந்து கொத்துக் கலப்பை, சிறிய ரோட்டவேட்டர், பார் பிடிக்கும் கருவி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிமண் இறுகியிருந்தால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய டிராக்டரை வாடகைக்கு அழைத்து உளிக் கலப்பை ஓட்டிக்கொள்வது மலிவு. அந்த ஒரு நாள் வேலைக்காகப் பெரிய வண்டியாக வாங்கிவிட்டு, மீதி நாளெல்லாம் வரிசைக்குள் நுழைய முடியாமல் தவிக்க வேண்டாம்.

எடை குறைந்த வண்டிக்கு நான்கு சக்கர இழுவை ஆடம்பரம் இல்லை. ஈரத்திலும் சரிவிலும் அதன் அருமை தெரியும். ஆனால் தார்ச்சாலையில் அதை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் முன் டயர் விரைவில் தேயும். முன் டயரை மாற்றும்போது கம்பெனி சொன்ன அளவையே போட வேண்டும், அளவு மாறினால் முன், பின் சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். டெல்டாவில் சேற்றுழவுக்கு வாங்குபவர்கள், முன் ஆக்சிலுக்குள் சேறும் தண்ணீரும் புகாதபடி அடைப்பு எப்படி இருக்கிறது, இரும்புச் சக்கரம் மாட்ட இடம் இருக்கிறதா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

டிரெய்லர் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்ஜின் இழுத்துவிடும். ஆனால் இறக்கத்தில் டிரெய்லர் வண்டியைத் தள்ளும்போது, எடை குறைந்த டிராக்டரின் பிரேக்கால் அதைப் பிடிக்க முடியாமல் போகலாம். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தனிக் காப்பீடும் வேண்டும். அதில் ஆள் ஏற்றக் கூடாது. மட்கார்டில் குழந்தையை உட்காரவைத்து ஓட்டுவது நம் ஊரில் பாசமாகப் பார்க்கப்படுகிறது. ஒரே ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் பிள்ளை பின் டயருக்கு அடியில்தான் விழும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பிடிஓ தண்டுக்கு மேலுள்ள உறையையும் கழற்றாதீர்கள். நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும் தண்டில் வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ மாட்டினால் இழுத்து விடுவிக்க அவகாசமே கிடைக்காது.

மானியத்துக்கு முன்பே வண்டியை எடுத்துவிடுவது

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. விண்ணப்பித்து, ஒப்புதல் ஆணை கைக்கு வந்த பிறகுதான் வாங்க வேண்டும். "இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள், மானியத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யார் சொன்னாலும், வட்டாரத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நீங்கள் விரும்பும் மாடல் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்கலாம். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்தால் அலைச்சல் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயர், உதிரிபாகங்களுக்கு 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டி யாராவது பேசினால் புதியதைக் கேளுங்கள்.

தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், மெக்கானிக் எங்கிருந்து வருவார் என்று கேளுங்கள். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணி நேரத்திலேயே வந்துவிடும். கிளட்ச் பிளேட்டும் ஹைட்ராலிக் பம்பின் சீலும் பக்கத்து ஊரில் கிடைக்காத வண்டி, விதைப்பு நாளில் நின்றால் நின்றதுதான்.

பழைய வண்டியாக இருந்தால் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பீறிட்டு வரக் கூடாது. கருவியை மேலே தூக்கிவைத்து இன்ஜினை அணைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று சில நிமிடம் பாருங்கள், கருவி மளமளவென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் செலவு இருக்கிறது. மணிநேர மீட்டரை மாற்றிவிட முடியும், தேய்ந்த கிளட்ச் பெடலையும் ஆடும் முன் சக்கரத்தையும் அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது. ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான தடையின்மைச் சான்றும் அந்தப் பெயரை நீக்குவதற்கான படிவம் 35-உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்தும் கைக்கு வரும்வரை முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள்.