புழல் ஏரிக்கு ஒரு கேட்டலைனா: பறக்கும் படகை பிளெண்டரில் கட்டுவது எப்படி

இரண்டாம் உலகப் போரின்போது நம் செங்குன்றம் ஏரியில், அதாவது இன்று சென்னைக்குக் குடிநீர் தரும் அதே புழல் ஏரியில், விமானங்கள் இறங்கி ஏறின. 1942 ஜூலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240-வது ஸ்குவாட்ரன் இங்கே வந்தது. 1944-ன் கடைசியில் 191-வது ஸ்குவாட்ரனும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஓட்டியது கேட்டலைனா என்ற பறக்கும் படகை. அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் கட்டிய விமானம் அது; அதன் முதல் மாதிரி 1935 மார்ச் 28 அன்று பறந்தது.

அந்த கேட்டலைனாவை மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்காக முதலிலிருந்து கட்டுவதுதான் இந்தப் பதிவு. முப்பரிமாண மாடல் கட்டும் மென்பொருளான பிளெண்டரைத் திறந்து ஒரு கனசதுரத்தை நகர்த்தத் தெரிந்தால் போதும், மீதியைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இது முதலில் படகு, அப்புறம்தான் விமானம். புதிதாக வருகிறவர்கள் காக்பிட்டிலும் பெயின்டிலும் ஆரம்பிக்கிறார்கள். தண்ணீருக்குள் கிடக்கும் அடிப்பாகத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்

பிளெண்டர் இலவசம். டெக்ஸ்சர் (மாடலின் மேல் போர்த்தும் படம்) வரைய கிருத்தாவோ ஜிம்ப்போ போதும், இரண்டும் இலவசம்தான். சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கினால் எஸ்டிகே-யை (சிமுலேட்டருக்கு விமானம் செய்வதற்கான கருவித்தொகுப்பு) அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம். பிளெண்டரிலிருந்து மாடலை ஏற்றுமதி செய்யும் ஆட்-ஆன் தனியாக வேண்டும். உங்கள் பிளெண்டர் பதிப்புக்கு அது ஒத்துவருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். நடுவில் சக்கரம் உள்ள மவுஸ் கட்டாயம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் சாதாரண மவுஸே போதும். லேப்டாப்பின் டச்பேடில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

எந்தக் கேட்டலைனா?

கேட்டலைனாவில் இரண்டு வகை உண்டு. சக்கரம் உள்ளவை தரையிலும் இறங்கும். சக்கரமே இல்லாதவை சுத்தமான படகுகள். நாம் சக்கரம் இல்லாததை எடுத்துக்கொள்வோம். சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழி, கதவு, ஹைட்ராலிக் கம்பி என்று ஆரம்பநிலையில் தலைவலி தரும் வேலை மொத்தமும் மிச்சமாகும்.

அளவும் படமும்

மூன்று பக்கப் படங்களைத் தேடி எடுங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், முன்னாலிருந்து. இணையத்தில் கிடைப்பவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது, நிறைய படங்கள் ஒரு திசையில் இழுபட்டிருக்கும். நீளம் 19.46 மீட்டர், இறக்கையின் விரிவு 31.7 மீட்டர். படத்தில் இந்த இரண்டின் விகிதத்தை அளந்து பாருங்கள். ஒத்துவராத படத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிளெண்டரில் அலகை மீட்டரில் வைத்து, மூன்று படங்களையும் பின்னணியில் ஏற்றி, மூன்றிலும் மூக்கு நுனி ஒரே இடத்தில் விழும்படி பொருத்துங்கள்.

அடிப்பாகம்

இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.

உடலை நடுவே பிளந்து ஒரு பாதியை மட்டும் கட்டுங்கள். மறுபாதியை மிரர் மாடிஃபையர் பார்த்துக்கொள்ளும். மூக்கிலிருந்து வால் வரை, வடிவம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறுக்குவெட்டு வளையம் வையுங்கள். எல்லா வளையத்திலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். பாதிக்கு 16 என்று முடிவு செய்தால் கடைசி வரை 16. அப்போதுதான் வளையங்களை இணைக்கும்போது எல்லாம் நாற்கரங்களாக வரும், மேற்பரப்பில் சுருக்கம் விழாது.

குறுக்குவெட்டின் மேல்பாதி உருண்டை. கீழ்ப்பாதி ஏராவை (படகின் அடியில் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பு) நோக்கி இறங்கும் வி வடிவம். இரண்டும் சந்திக்கும் விளிம்புக்கு சைன் என்று பெயர். தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளி, புரொப்பெல்லர் மேல் அடிக்காமல் காப்பது இந்த விளிம்புதான். அதனால் அது கூராக இருக்க வேண்டும்: அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து ஷார்ப் என்று குறித்து, கிரீஸ் மதிப்பை 1 ஆக்குங்கள். காசிமேட்டில் கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளை ஒரு காலைப்பொழுதில் போய்க் கீழிருந்து பாருங்கள். அணியம் (படகின் முன்பகுதி) எப்படி விரிகிறது, பக்கச்சுவர் எங்கே மடிகிறது என்று கண்ணால் பார்த்தவருக்கு இந்த வளையங்கள் சுலபமாக வரும்.

அடுத்தது படி. கேட்டலைனாவின் அடியில் இரண்டு படிகள் உண்டு. வேகமெடுக்கும்போது வளைந்த அடிப்பாகத்தைத் தண்ணீர் தன்னோடு இழுத்துப் பிடிக்கும். அடிப்பாகம் ஒரு இடத்தில் சட்டென்று மேலே ஏறினால் அங்கே காற்று புகுந்து அந்தப் பிடி விட்டுவிடும். விமானம் முன்பாதியின் மேல் சறுக்கி எழும். பிளெண்டரில் இதைச் செய்வது எளிது. படி வரும் இடத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு வளையங்கள் வையுங்கள், இரண்டும் நீளவாக்கில் ஒரே இடத்தில். பின் வளையத்தில் சைனுக்குக் கீழே உள்ள புள்ளிகளை மட்டும் மேலே தூக்குங்கள். நடுவில் ஒரு செங்குத்துச் சுவர் கிடைக்கும், அதுதான் படி. அதன் ஓரங்களையும் ஷார்ப் ஆக்க மறக்காதீர்கள். ஸ்மூத் ஷேடிங் போட்டதும் படி உருகினாற்போல் தெரிந்தால் காரணம் அதுதான்.

இறக்கை, என்ஜின், கண்ணாடி

இறக்கை உடலோடு ஒட்டாமல் ஒரு தூணின் மேல் உட்கார்ந்திருக்கும். ஃபிளைட் எஞ்சினியருக்கு அந்தத் தூணுக்குள்தான் இடம், அவருக்கென்று சின்ன ஜன்னலும் உண்டு. பக்கத்துக்கு இரண்டு தாங்குகம்பிகள். இறக்கையின் பின்பகுதி துணி போர்த்தியது. அதன் கீழ் தெரியும் விலாக்கோடுகளை மெஷ்ஷில் (நீங்கள் கட்டும் முப்பரிமாண வடிவத்தில்) கட்ட வேண்டாம், மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் படமான நார்மல் மேப்பில் வரையுங்கள். ரிவெட்டுகளுக்கும் இதே விதிதான்.

என்ஜின் இரண்டும் பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப். ஒவ்வொன்றிலும் ஏழேழாக இரண்டு வரிசையில் 14 சிலிண்டர், 1200 குதிரைத்திறன். ஒரு சிலிண்டரை நன்றாகச் செய்து வட்டமாக நகலெடுங்கள். பின்வரிசை, முன்வரிசையின் இடைவெளிகளில் தெரியும்படி திரும்பியிருக்க வேண்டும். புரொப்பெல்லர் மூன்று இலை, விட்டம் 12 அடி.

இடுப்பின் இருபுறமும் வரும் கண்ணாடிக் குமிழ்கள்தான் கேட்டலைனாவின் அடையாளம். கண்ணாடியையும் சட்டத்தையும் தனித்தனிப் பொருளாக வைத்து, கண்ணாடிக்கு மட்டும் கிளாஸ் மெட்டீரியல் கொடுங்கள்.

இறக்கை நுனி மிதவைகள் வெளிப்பக்கமாக மேலே மடங்கி, தாமே இறக்கையின் நுனியாகிவிடும். கீல் எங்கே இருக்கிறதோ அங்கே மிதவைப் பொருளின் ஆரிஜினை வையுங்கள். கீழே ஒரு கீஃபிரேம், மேலே ஒரு கீஃபிரேம், அவ்வளவுதான். நம் விமானத்தில் சக்கரம் இல்லாததால் இந்த அசைவை கியர் லீவரோடு இணைத்துவிடலாம்.

நிறமும் அழுக்கும்

மூன்று டெக்ஸ்சர் படங்கள் வேண்டும்: ஆல்பிடோ (அடிப்படை நிறம்), நார்மல், அப்புறம் மூன்றாவதாக ஒரு கூட்டுப் படம். அதன் சிவப்புச் சேனலில் ஆக்லூஷன் (இடுக்குகளின் நிழல்), பச்சையில் ரஃப்னெஸ் (சொரசொரப்பு), நீலத்தில் மெட்டாலிக் (உலோகத்தன்மை). இந்த வரிசை மாறினால் விமானம் பிளாஸ்டிக் பொம்மையாகத் தெரியும்.

அழுக்கைக் காரணத்தோடு போடுங்கள். உடல் அலுமினியம், அதில் செந்துரு வராது. பெயின்ட் உரிந்த இடத்தில் மங்கிய வெள்ளைப் பூப்புதான் வரும். புகைபோக்கிகள் என்ஜின் மூடியின் மேல்பக்கம் இருப்பதால் கரி இறக்கையின் மேலே படியும். கிழக்கு முனையில் இருந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பை எடுத்துவிட்டார்கள், ஜப்பானிய விமானம் என்று தவறாக நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே என்று. செங்குன்றத்துக் கேட்டலைனா என்று சொல்லிக்கொண்டு சிவப்புப் பொட்டு வைத்தால் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தண்ணீரில் நிற்க வைப்பது

சிமுலேட்டர் நீங்கள் கட்டிய மெஷ்ஷைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை. ஃபிளைட் மாடல் கோப்பில் நீங்கள் எழுதும் தொடுபுள்ளிகளைத்தான் மிதக்கவிடுகிறது. வகை எண் 4 என்றால் மிதவை. மூக்கருகே ஏராவில் ஒன்று, முதல் படியில் இடமும் வலமும் ஒவ்வொன்று, பின்படியில் ஒன்று, நுனி மிதவைகளில் ஒவ்வொன்று என்று வைத்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று தூரங்கள்: முன்-பின், இட-வலம், மேல்-கீழ். முன்பக்கம், வலப்பக்கம், மேல்பக்கம் மூன்றும் கூட்டல் குறி. இந்தத் தூரங்களை அடிக் கணக்கில் (feet) எழுத வேண்டும். பிளெண்டரில் படித்த மீட்டரை 3.281-ஆல் பெருக்கி எழுதுங்கள்.

எடைமையம் முதல் படிக்குக் கொஞ்சம் முன்னால் விழட்டும். வேகமெடுக்கும்போது மூக்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே போனால், முதலில் எடைமையத்துக்கும் படிக்கும் உள்ள தூரத்தைச் சரிபாருங்கள், பிறகு புள்ளிகளின் டேம்பிங் (ஆட்டத்தைத் தணிக்கும்) மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நீர்ச்சுக்கானுக்கு வகை எண் 5 இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்: கேட்டலைனாவில் நீர்ச்சுக்கானே கிடையாது. தண்ணீரில் திரும்ப ஒரு என்ஜினுக்கு அதிகம், மற்றதற்குக் குறைவு என்று த்ராட்டில் கொடுப்பார்கள். உங்கள் மாடலும் அப்படித்தான் திரும்ப வேண்டும்.

சக்கரம் இல்லாததால் மீனம்பாக்கம் ரன்வேயில் தொடங்க முடியாது. உலக வரைபடத்தில் செங்குன்றத்துக்கு வடக்கே வானத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஏரியை நோக்கி இறங்குங்கள். மிதவைகளைக் கீழே விட்டு, மூக்கைச் சற்றே தூக்கி, படியில் முதலில் தொடுங்கள். தொட்டதும் விமானம் துள்ளினால் படிப் புள்ளிகள் மிக இறுக்கம். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் நுனி மிதவைகளின் உயரம் தவறு. அமைதியாக மிதந்தால் காற்று வரும் திசைக்குத் திருப்பி முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். அது தண்ணீரை விட்டு எழுந்த பிறகு காக்பிட் வேலையை ஆரம்பிக்கலாம். அங்கே த்ராட்டில்கள் தலைக்கு மேலே தொங்கும்.